44 டிகிரிக்கு இந்தப் பக்கம்

அமெரிக்காவின் பல பிசியோதெரபி நிலையங்களில் மூலையில் ஓர் எவர்சில்வர் தொட்டி இருக்கும். உள்ளே 70 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய தண்ணீர். அதில் கித்தான் பைகள் வரிசையாகத் தொங்கும். 60 டிகிரி வெந்நீர் பட்டாலே ஏறத்தாழ ஐந்து நொடியில் தோல் முழு ஆழத்துக்கும் வெந்துவிடும். அப்படியிருக்க, பத்தொன்பது இருபது வயது மாணவி ஒருத்தி அதைவிடச் சூடான பையை இடுக்கியால் தூக்கி, ஒரு முதியவரின் முதுகில் இருபது நிமிடம் வைக்கிறாள். எடுக்கும்போது தோல் இளஞ்சிவப்பாக இருக்கிறது. முதியவர் சுகமாகக் கண்ணை மூடியிருக்கிறார்.

பைக்குள் இருப்பது பெண்டோனைட் என்ற களிமண். தண்ணீரை ஏராளமாக உறிஞ்சிக் கூழாகிவிடும். சூட்டைத் தேக்கிவைப்பதில் தண்ணீரை மிஞ்சும் பொருள்கள் குறைவு. கூழாக இருப்பதால் அந்தத் தண்ணீர் ஒழுகியும் போகாது. பைக்கும் தோலுக்கும் நடுவே ஆறு முதல் எட்டு மடிப்பு உலர்ந்த துண்டு. உண்மையில் காவல் காப்பது அந்தத் துண்டின் நூல்களுக்கிடையே சிக்கியிருக்கும் காற்றுதான். காற்று, தண்ணீரைவிட இருபது மடங்குக்கும் மேல் மெதுவாகச் சூட்டைக் கடத்துகிறது. துண்டு நனைந்துவிட்டால் மடிப்பின் எண்ணிக்கை அப்படியே இருக்கும், காவல் மட்டும் காணாமல் போயிருக்கும். ஆகவே மடிப்பை எண்ணுவதோடு மாணவி நிறுத்திக்கொள்வதில்லை. ஒவ்வொன்றையும் தொட்டு உலர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறாள்.

இவள் படிப்பது இயன்முறை மருத்துவ உதவியாளர் படிப்பு. இரண்டு ஆண்டு. மயாமி, மினியாபோலிஸ் நகரங்களில் இரண்டு கல்லூரிகள் 1967-ல் இதைத் தொடங்கின. 1969-ல் முதல் அணியாக 15 பேர் தேறினார்கள். நோயாளியைப் பரிசோதித்துத் திட்டம் வகுப்பவர் இயன்முறை மருத்துவர். அந்தத் திட்டத்தை நோயாளியின் பக்கத்தில் நின்று நிறைவேற்றுபவர் உதவியாளர். சூடு, குளிர், ஒலி, மின்சாரம், மின்காந்தப் புலம் என்று ஒரு பள்ளிப் பாடநூலின் இயற்பியல் முழுதும் இவர்கள் கைவழியாக மனித உடம்புக்குள் செல்கிறது. மாடாலிட்டி என்று அழைக்கப்படும் இந்தச் சிகிச்சைகள் எல்லாவற்றுக்கும் ஒரே சிக்கல்தான்: எது குணமாக்குகிறதோ அதுவே, கொஞ்சம் கூடினால், காயப்படுத்தும்.

எவ்வளவு கொஞ்சம்? 1947-ல் ஹார்வர்டில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பன்றித் தோலிலும் தன்னார்வலர்களின் தோலிலும் பொறுமையாக அளந்து பார்த்தார்கள். 44 டிகிரியில் தோல் வெந்துபோக ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகிறது. அங்கிருந்து 51 வரை, ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் தேவைப்படும் நேரம் சுமார் பாதியாகிறது. ஆறு மணி நேரம் என்பது ஏழே டிகிரியில் சில நிமிடங்களாகச் சுருங்கிவிடுகிறது. இப்போது மறுபக்கம் பாருங்கள். தசைநாண் இளகவும் ரத்த ஓட்டம் நன்றாகக் கூடவும் திசு 40 முதல் 45 டிகிரி வரை சூடாக வேண்டும். மருந்தும் காயமும் ஒரே கோட்டின் இரண்டு பக்கங்களில், தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன.

அந்தக் கோட்டுக்கு அருகே உடம்பு ஏற்கெனவே ஒரு காவலாளியை நிறுத்தியிருக்கிறது. வலி நரம்புகளின் நுனியில் டிஆர்பிவி-1 என்றொரு புரதம் உண்டு. சுமார் 43 டிகிரியில் அது கதவைத் திறந்து மின் சமிக்ஞையை அனுப்புகிறது. மிளகாயின் காரம் தொடுவதும் இதே கதவைத்தான். நாக்கு 'எரிகிறது' என்று சொல்வதற்குக் காரணம் அதுவே. இதை 1997-ல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எச்சரிக்கை மணி 43-ல், எல்லைக்கோடு 44-ல். இந்த ஒரு டிகிரி இடைவெளியை நம்பித்தான் பிசியோதெரபியின் சூட்டுச் சிகிச்சை மொத்தமும் நடக்கிறது.

அப்படியானால் அந்த அறையில் இருக்கும் ஆக முக்கியமான அளவுமானி நோயாளியின் தோலுக்குள் இருக்கிறது. அது வேலை செய்கிறதா என்று தெரியாமல் எதையும் தொடக்கூடாது. ஒரு சோதனைக் குழாயில் வெந்நீர், இன்னொன்றில் குளிர்ந்த நீர். நோயாளி கண்ணை மூடிக்கொள்கிறார். முதலில் நல்ல உணர்ச்சியுள்ள ஓர் இடத்தில், பிறகு சிகிச்சை தரவேண்டிய இடத்தில், ஒழுங்கில்லாமல் மாற்றி மாற்றி மாணவி தொடுகிறாள்: 'இது சூடா, குளிர்ச்சியா?' ஒழுங்காக மாற்றினால் நோயாளி அறியாமலே ஊகித்துவிடுவார். தொடுவுணர்ச்சியைப் பார்க்க நைலான் இழை ஒன்று இருக்கிறது. தோலில் ஊன்றினால், சரியாகப் பத்து கிராம் அழுத்தத்தில் வளைந்துகொடுக்கும்படி செய்தது. நீண்ட நாள் சர்க்கரை நோயால் பாத நரம்பு செத்தவருக்கு அந்த இழை ஊன்றுவதே தெரியாது. அவர் காலில் 48 டிகிரி ஏறினாலும் 'இதமாக இருக்கிறது' என்பார். பொய் சொல்லவில்லை, அவருடைய மணிக்கு நாக்கு இல்லை.

உடம்பின் இரண்டாவது காவல் ரத்தம். தோல் சூடானதும் குழாய்கள் விரிந்து, 37 டிகிரி ரத்தம் வேகமாகப் பாய்ந்து வந்து கூடுதல் சூட்டை அள்ளிச் செல்கிறது. உடம்பு தனக்குத்தானே குளிர்நீர் பாய்ச்சிக்கொள்கிறது என்று சொல்லலாம். பையை முதுகின்மேல் வைக்கவேண்டும், முதுகைப் பையின்மேல் வைக்கக்கூடாது என்று ஆசிரியர்கள் ஓயாமல் சொல்வது இதனால்தான். பையின்மேல் மல்லாந்து படுத்தால் உடம்பின் எடை துண்டை நசுக்கிக் காற்றை வெளியேற்றுகிறது. அதே எடை ரத்தக் குழாய்களையும் நசுக்குகிறது. இரண்டு காவலும் ஒரே நேரத்தில் விழுந்துவிட, மடையை அடைத்த வயலைப்போல அந்த இடம் காய்ந்து போகிறது.

முதல் ஐந்து நிமிடத்தில் மாணவி துண்டை விலக்கித் தோலைப் பார்க்கிறாள். சூடு உச்சத்தை நெருங்கும் நேரம் அது. சீரான சிவப்பு நல்லது. சிவப்பும் வெளுப்பும் திட்டுத்திட்டாகக் கலந்திருந்தால் உடனே எடுக்கவேண்டும்; ரத்தம் தோற்கத் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது, ஆகையால் புறங்கையால் தொட்டு மறுபக்கத்தோடு ஒப்பிடக் கற்றுக்கொள்கிறாள். கேள்வி கேட்பதிலும் ஒரு பயிற்சி உண்டு. 'நல்லா இருக்கா?' என்று கேட்டால் பெரியவர்கள் மரியாதைக்காக 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிடுவார்கள். சூடு கூடினால் குணமும் கூடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பவர்களும் உண்டு. 'கதகதப்பா இருக்கா, சூடா இருக்கா, பொறுக்க முடியாம இருக்கா?' என்று கேட்டால்தான் பதிலுக்கு மதிப்பு. கையில் அழைப்பு மணியைக் கொடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

மெழுகுத் தொட்டியில் இன்னொரு விந்தை. வாதம் வந்த கைவிரல்களை 52 முதல் 57 டிகிரி வரை சூடான பாரஃபின் மெழுகில் முக்கி எடுக்கிறார்கள். அதே சூட்டில் தண்ணீர் என்றால் கை வெந்துபோகும். மெழுகு தேக்கிவைக்கும் சூடு தண்ணீர் தேக்குவதைவிடக் குறைவு. அதையும் மெதுவாகத்தான் கைமாற்றும். முதல் முக்கலிலேயே தோலைத் தொட்ட மெழுகு உறைந்து ஒரு கையுறையாகிவிடுகிறது. அடுத்தடுத்த முக்கல்களின் சூடு அந்தக் கையுறையைக் கடந்துதான் வரவேண்டும். விரலை அசைக்காதீர்கள் என்பது அதற்காகவே. அசைந்தால் கையுறையில் விரிசல் விழும், விரிசல் வழியே சுடுமெழுகு நேராகத் தோலைத் தொடும்.

குளிர் எளிது என்று நினைப்போம். ஐஸ் ஒத்தடத்தில் நோயாளி வரிசையாக நான்கு நிலைகளைக் கடக்கிறார்: குளிர்ச்சி, எரிச்சல், குடைச்சல், மரத்துப்போதல். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் இரண்டாவது நிலையிலேயே பயந்துவிடுவார். நான்காவது நிலை வந்ததும் அளவுமானி அணைந்துவிடுகிறது. அதற்குமேல் அவரிடம் கேட்டுப் பயனில்லை, கடிகாரமும் கண்ணும்தான் துணை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கத்தில், பாதத்தைத் தூக்கும் நரம்பு தோலுக்கு மிக அருகில் எலும்பைச் சுற்றிப் போகிறது. அங்கே ஐஸைக் கட்டி மறந்துவிட்டதால் பாதம் தொங்கிப்போன விளையாட்டு வீரர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள்.

ஒத்தடத்தின் சூடு ஒன்றிரண்டு சென்டிமீட்டரோடு நின்றுவிடும். இன்னும் ஆழத்துக்குச் சூட்டை அனுப்ப ஒலியைப் பிடித்தார்கள். அல்ட்ராசவுண்ட் கருவியின் தலைக்குள் ஒரு படிகத் தகடு இருக்கிறது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880-ல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டார்கள். அழுத்தமின் விளைவு என்று இதற்குப் பெயர். தலைகீழாகவும் இது நடக்கும்: மின்சாரம் கொடுத்தால் படிகம் விரிந்து சுருங்கும். சிகிச்சைக் கருவியில் அது நொடிக்கு 10 லட்சம் தடவையோ 30 லட்சம் தடவையோ துடிக்கிறது. மனிதக் காது 20 ஆயிரத்தோடு கைவிட்டுவிடும்.

எண்ணிக்கை கூடினால் ஒலி ஆழமாகப் போகும் என்றுதான் புதிதாகப் படிப்பவர் நினைப்பார். நேர்மாறு. 10 லட்சம் அதிர்வு ஐந்து சென்டிமீட்டர் வரை இறங்கும். 30 லட்சம் அதிர்வைத் திசு சீக்கிரமே உறிஞ்சிவிடுவதால் ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் தீர்ந்துவிடும். ஆனால் அந்த இடத்தை மூன்று மடங்கு வேகமாகச் சூடாக்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு வாட் என்று வைத்தால் முதலாவது நிமிடத்துக்கு 0.2 டிகிரியும், இரண்டாவது 0.6 டிகிரியும் ஏற்றுகின்றன. கொழுப்பை அதிகம் தொந்தரவு செய்யாமல் கடந்து, புரத இழைகள் செறிந்த தசைநாணிலும் இணைப்பு நாரிலும் சூட்டை இறக்குகிற ஒரு விருப்பம் இந்த ஒலிக்கு உண்டு. விறைத்துப்போன மூட்டைச் சுற்றிச் சூடாக வேண்டியதும் அவைதான்.

இந்த அலைக்குக் காற்று சுவர். மயிரிழை அளவு காற்று இடையே வந்தாலும் ஏறக்குறைய மொத்தமும் திரும்பிப் போய்விடும். ஜெல் தடவுவது அந்தக் காற்றை விரட்டத்தான். அடுத்து வருவதுதான் எனக்கு இந்தப் பாடத்திலேயே ஆகப் பிடித்த பகுதி. தலையிலிருந்து புறப்படும் கற்றை சமமானது அன்று. தகட்டின் வெவ்வேறு புள்ளிகளிலிருந்து கிளம்பும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று தழுவிக் கூடுகின்றன, ஓரிடத்தில் அழித்துக்கொள்கின்றன. திரையில் ஒரு வாட் என்று காட்டும்போது கற்றையின் ஒரு புள்ளியில் ஐந்து வாட் இருக்கலாம். இந்த ஏற்றத்தாழ்வின் விகிதத்தைக் கருவியின்மேல் அச்சிட வேண்டும் என்பது அமெரிக்க விதி. மாணவி முதல் நாள் செய்யும் வேலை அந்த எண்ணைத் தேடிப் படிப்பது. தலையை நொடிக்குச் சுமார் நான்கு சென்டிமீட்டர் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும் என்பதன் காரணம் அப்போது தானே விளங்கிவிடும்.

நகர்த்தாவிட்டால்? போகும் அலையும் எலும்பில் மோதித் திரும்பும் அலையும் சேர்ந்து நிலை அலையாகிவிடலாம். கோழிக் கருவின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் 1970-களில் இதைப் பார்த்தார்கள்: ரத்த அணுக்கள் ஓட்டத்தை நிறுத்தி, அரை அலைநீளத்துக்கு ஒன்றாகப் பட்டை பட்டையாக வரிசை கட்டி நின்றன. கையை நகர்த்துவது என்ற அற்பமான செயல் அவற்றை மறுபடி ஓட விடுகிறது. எலும்பின் மேலுறை வேறு இந்த ஒலியை ஆவலாக உறிஞ்சும். நோயாளி 'உள்ளே ஆழத்தில் குடைகிறது' என்றால் எலும்பு பேசுகிறது என்று பொருள். உடனே அளவைக் குறைக்க வேண்டும், அல்லது வேகத்தைக் கூட்ட வேண்டும். மிகுந்த எச்சரிக்கையும் ஆகாது. தலையின் ஒலிபரப்பும் பரப்பைப்போல் இரு மடங்கு இடத்துக்குமேல் தேய்த்தால் எங்குமே போதிய சூடு ஏறாது. முதுகு முழுக்க அல்ட்ராசவுண்ட் தேய்ப்பது, ஜெல் தடவிய வெறும் தடவலாக முடியும்.

இங்கே ஒரு புதிர் வருகிறது. உடைந்த எலும்பில் உலோகத் தகடு வைத்தவருக்கு அல்ட்ராசவுண்ட் தரலாமா? பெரும்பாலும் தரலாம்: உலோகம் ஒலியைத் திருப்பியடிக்கும், வாங்கிய கொஞ்சம் சூட்டையும் வேகமாகப் பரப்பிக் கரைத்துவிடும். மூட்டு மாற்றில் பயன்படும் பிளாஸ்டிக்கும் எலும்புச் சிமெண்டும் சூட்டைப் பிடித்துவைப்பதால் அவற்றுக்குமேல் கூடாது. அதே உலோகத் தகட்டுக்காரரை டயதெர்மி கருவியின் பக்கம் கொண்டுபோனால் விதி புரண்டுவிடும். டயதெர்மி நொடிக்கு 2 கோடியே 71 லட்சத்து 20 ஆயிரம் தடவை மாறும் மின்காந்தப் புலத்தால் ஆழத் திசுவைச் சூடாக்குவது. நம் ஊரில் 'ஷார்ட் வேவ்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். புலம் உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி, அதை ஒருமுகப்படுத்திவிடும். ஜிப், பெல்ட், கைக்கடிகாரம், காதில் மாட்டும் செவிக்கருவி எல்லாம் வெளியே. கட்டில்கூட மரத்தால் ஆனது. தோலின்மேல் ஒரு வியர்வைத் துளி தேங்கினால் அந்தத் துளியே சூடேறிச் சுட்டுவிடும். துண்டு போடுவது இந்தத் தடவை வியர்வையை உறிஞ்ச.

2002 டிசம்பரில் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மூளைக்குள் மின்கம்பி பதித்துக்கொண்டவர்களில் இருவர், டயதெர்மி பெற்ற பிறகு இறந்திருந்தார்கள். உடம்பின் வேறு ஏதோ ஓரிடத்தில் கொடுத்த புலம் அந்தக் கம்பியைப் பிடித்து ஏறி, அதன் முனை தொடும் மூளைத் திசுவைச் சுட்டுவிட்டது. பதித்த கருவி அணைந்திருந்தாலும் ஆபத்துதான். கருவியை எடுத்துவிட்டுக் கம்பியை மட்டும் உள்ளே விட்டிருந்தாலும் ஆபத்துதான். 'உங்கள் உடம்புக்குள் ஏதாவது பதித்திருக்கிறதா, எப்போதாவது பதித்திருந்ததா?' என்று உதவியாளர் கேட்கும் கேள்வியில் இரண்டாவது பாதி எதற்கு என்று இப்போது புரியும். மருத்துவரின் குறிப்பில் 'இல்லை' என்று எழுதியிருந்தாலும் அவர் மறுபடி கேட்பார்.

மின்சாரத்துக்கு வருவோம். 'கரண்ட் வைப்பது' என்று நாம் சொல்வதன் பின்னால் 1965-ல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் முன்வைத்த வாயில் கோட்பாடு இருக்கிறது. தொடுவுணர்ச்சியைச் சுமக்கும் தடித்த நரம்பிழைகள் தண்டுவடத்தில் வலிச் செய்தி நுழையும் வாயிலை மூடுகின்றன என்பது அதன் சாரம். நல்லவேளையாக, மின்துடிப்புக்கு முதலில் விழிப்பதும் அந்தத் தடித்த இழைகளே. அளவைக் கூட்டக் கூட்ட முதலில் குறுகுறுப்பு, அடுத்துத் தசைத் துடிப்பு, கடைசியில்தான் வலி. இந்த ஏணியின் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை நோயாளி சொல்லித்தான் அறிய முடியும். கழுத்தின் முன்பக்கம் வேண்டாம். ரத்த அழுத்தத்தைக் கவனிக்கும் உணரி அங்கே இருக்கிறது. இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் வேண்டாம்.

ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தால் மருந்தைத் தோலுக்குள் தள்ளுகிற அயன்டோபோரசிஸ் என்ற முறையில் வேதியியலும் சேர்ந்துகொள்கிறது. எதிர்மின் வாயின் கீழே தோலின் உப்பு பிரிந்து காரம் உருவாகிறது, நேர்மின் வாயின் கீழே அமிலம். காரம்தான் தோலை மோசமாக அரிக்கும். அதனால் எதிர்மின் வாய்க்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரை மில்லியாம்பியர் என்றும், மற்றதற்கு ஒரு மில்லியாம்பியர் என்றும் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். மொத்த அளவைப் பெருக்கலாகக் கணக்கிடுவார்கள்: 40 என்பது இலக்கானால் நான்கு மில்லியாம்பியரில் பத்து நிமிடம், அல்லது இரண்டில் இருபது நிமிடம். தோல் மெலிந்தவருக்கு மெதுவழி. மின்பட்டையின் ஓரம் கொஞ்சம் தூக்கிக்கொண்டாலோ உலர்ந்துவிட்டாலோ, ஓட்டம் முழுதும் மிச்சமிருக்கும் சின்னப் பரப்பில் நெருக்கியடித்துப் பாயும். திரையில் எண் மாறாது. தோலில் செறிவு கூடியிருக்கும்.

இவ்வளவையும் எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள்? முதலில் தங்கள் உடம்பில். ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் ஒருவருக்கொருவர் நோயாளியாகிறார்கள். குளிரின் நான்கு நிலைகளையும் பாதுகாப்பான எல்லைக்குள் தாங்களே கடந்து பார்க்கிறார்கள். அதன் பிறகு செயல்முறைத் தேர்வு. அதில் சில படிகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது, விட்டால் தோல்வி: உணர்ச்சிச் சோதனை, பதித்த கருவி பற்றிய கேள்வி, ஐந்தாவது நிமிடத் தோல் பார்வை. மற்ற எல்லாவற்றையும் அழகாகச் செய்திருந்தாலும் மறுபடி வரவேண்டியதுதான். நோயாளியாக நடிக்கும் ஆசிரியர் போகிறபோக்கில், 'ரெண்டு மாசமா இந்தக் கால் மரத்துத்தான் கிடக்கு' என்று முணுமுணுப்பார். அந்த வாக்கியத்தைப் பிடித்து, பையை மறுபடி தொட்டியில் போட்டுவிட்டு, இயன்முறை மருத்துவரை அழைப்பவர் தேறுகிறார். திட்டத்தை மாற்றும் அதிகாரம் உதவியாளருக்கு இல்லை. நிறுத்தும் கடமை இருக்கிறது.

அமெரிக்க இயன்முறை மருத்துவர் சங்கம் 2014-ல் தன் உறுப்பினர்களுக்கே ஒரு கண்டிப்பான அறிவுரை தந்தது: நோயாளி சும்மா படுத்துப் பெற்றுக்கொள்ளும் இத்தகைய சிகிச்சைகளை, அவர் உடற்பயிற்சியில் இறங்க உதவும் என்றால் மட்டுமே பயன்படுத்துங்கள். சங்கம் சொன்னது சரி என்றே நான் நினைக்கிறேன். இவ்வளவு நுட்பத்தோடு ஏற்றிய சூட்டின் ஆயுளைப் பார்த்தாலே தெரியும். 30 லட்சம் அதிர்வு அல்ட்ராசவுண்டால் இளகிய தசைநாண், கருவியை எடுத்ததும் ஆறத் தொடங்கிவிடுகிறது. நன்றாக நீட்டிக்கொடுக்கக் கிடைக்கும் நேரம் சுமார் மூன்று நிமிடம். ஜெல்லைத் துடைத்து, குறிப்பு எழுதி, நோயாளியை எழுப்பி உட்காரவைப்பதற்குள் அது போய்விடும். ஆகவே குதிகால் விறைப்புக்கு வந்தவரைத் தொடக்கத்திலேயே நீட்டுவதற்குத் தோதாகப் படுக்கவைக்கச் சொல்லித் தருகிறார்கள். கருவியின் கடிகாரம் ஒலிப்பதற்கு முன்பே மாணவியின் இடது கை பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி மடக்கத் தொடங்கியிருக்கும். ஜெல்லைப் பிறகு துடைத்துக்கொள்ளலாம்.